கறி சாப்பிடுவது சரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறி தின்பது பாவமா, பூமிக்குக் கேடா, கேடு என்றால் எவ்வளவு கேடு என்று ஆசிரியர்கள், பண்ணை வைத்திருப்பவர்கள், வீட்டில் சமைப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. நான் கறி சாப்பிடுகிறவன். ஆனால் இன்று தமிழ்நாட்டில் கறி உற்பத்தியாகும் விதத்தில், குறிப்பாக பிராய்லர் கோழி விஷயத்தில், எனக்குக் கடுமையான ஆட்சேபம் உண்டு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

கறிக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆடு, மாடு, எருமை எல்லாம் அசைபோடுகிறவை. அவற்றின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் நொதிக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியே வருகிறது. காற்றில் மீத்தேனின் ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான். ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இதோடு தீவனப் பயிருக்குப் போடும் உரம், சாணத்திலிருந்து வரும் வாயுக்கள், மேய்ச்சலுக்காக அமேசானில் அழிக்கப்படும் காடு எல்லாம் சேர்கின்றன. மனிதர்களால் வெளியாகும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருவதாக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது. 2023இல் அந்தக் கணக்கைத் திருத்தி 12 சதவீதம் என்றது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் சின்னப் பங்கு இல்லை.

எல்லாக் கறியும் ஒன்றுதானா?

இல்லை, வித்தியாசம் மிகப் பெரியது. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. அதை வைத்துப் பார்த்தால், இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டின் ஒரு கிலோ கறிக்கு 60 கிலோவுக்கும் மேல் கரியமில வாயுவுக்கு நிகரான வாயுக்கள் வெளியாகின்றன. ஆட்டுக்கறிக்கு 20 முதல் 40 கிலோ. கோழிக்கு 6 முதல் 10. பருப்பு, பட்டாணி வகைகளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அரிசிக்கே 4 கிலோ ஆகிறது, ஏனென்றால் தண்ணீர் நிற்கும் வயலிலும் மீத்தேன் உண்டாகிறது.

இவை உலக சராசரிகள். பிரேசிலில் காட்டை அழித்து வளர்த்த மாட்டையும், விருதுநகர் பக்கம் தரிசில் மேய்ந்த கன்னி இன ஆட்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உலகின் விவசாய நிலத்தில் 83 சதவீதம் இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்காகப் போகிறது. அதிலிருந்து நமக்குக் கிடைப்பது 18 சதவீதக் கலோரியும் 37 சதவீதப் புரதமும்தான்.

அப்படியானால் மட்டனை விட்டு சிக்கனுக்கு மாறினால் போதுமா?

வாயுக் கணக்கு மட்டும் பார்த்தால் மாறலாம். பல நாடுகளில் சூழல் ஆர்வலர்களே இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

25 கிலோ உயிர் எடையுள்ள ஓர் ஆட்டை அறுத்தால் சுமார் 12 கிலோ கறி தேறும். ஒரு பிராய்லர் கோழியில் ஒன்றரை கிலோ. வாரம் ஒரு கிலோ கறி எடுக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு நாலைந்து ஆடு போதும். அதையே கோழியாக எடுத்தால் சுமார் 35 கோழி. எண்ணிக்கை மட்டுமல்ல, அவை வாழ்ந்த விதமும் வேறு. ஆடு வெயிலில் நடந்து, கருவேலங்காய் பொறுக்கித் தின்று, குட்டி போட்டு வாழ்ந்திருக்கும். பிராய்லர் வாழ்வது ஆறு வாரம், அதுவும் கூரைக்குக் கீழே. வாயு குறைய வேண்டுமென்று ஆட்டை விட்டுக் கோழிக்குப் போனால், துன்பப்படும் உயிர்களின் எண்ணிக்கை ஏழெட்டு மடங்கு கூடுகிறது. உலகம் முழுக்க வருஷத்துக்கு 7,000 கோடிக்கும் மேல் கோழிகள் அறுக்கப்படுகின்றன.

இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, மொத்த அளவைக் குறைப்பது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் அதுதான்.

பிராய்லர் பண்ணையில் அப்படி என்னதான் நடக்கிறது?

பல்லடம், உடுமலை பக்கம் போனால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீளமான ஷெட்டுகளைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் கம்பிவலை, கீழே தேங்காய் நார்க்கழிவு. கம்பெனி ஒருநாள் குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் கொடுக்கும். ஷெட், கரண்ட், ஆள் எல்லாம் விவசாயி பொறுப்பு. வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. இந்தக் கூலியை உயர்த்தச் சொல்லி அந்த வட்டாரப் பண்ணையாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள்.

குஞ்சு வந்த முதல் வாரம் ஷெட் பார்க்க அழகாகவே இருக்கும். பல்பு வெளிச்சத்தின் கீழ் மஞ்சள் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தாவது வாரம் போய்ப் பாருங்கள். ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி. ஓட இடமும் கிடையாது, ஓடும் தெம்பும் இருக்காது. நெஞ்சுக்கறியின் எடையைக் கால் தாங்காமல் பெரும்பாலும் உட்கார்ந்தே கிடக்கும். எழுந்து தீவனத் தட்டு வரை நாலு அடி வைத்துவிட்டு மறுபடி உட்காரும். உட்கார்ந்து உட்கார்ந்து நெஞ்சில் இறகு தேய்ந்து தோல் சிவந்திருக்கும். கீழே சேர்ந்த எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நம் கண்ணை எரிக்கும். கோழியின் தலை தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்க ஆட்கள் இரவில் வருவார்கள். இருட்டில் கோழி அசையாது என்பதால் அந்த நேரம். காலைப் பிடித்துத் தலைகீழாக, ஒரு கைக்கு நாலைந்தாகத் தூக்கிப் பெட்டியில் அடைப்பார்கள்.

இதில் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடன் வாங்கி ஷெட் போட்டவர் அவர். எந்த இனக் குஞ்சு வரும், எத்தனை நாளில் தூக்குவார்கள் என்பதெல்லாம் அவர் கையில் இல்லை.

ஹார்மோன் ஊசி போட்டுத்தான் கோழியை வளர்க்கிறார்களா?

இல்லை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தினமும் ஊசி போடுவது நடக்கிற காரியமும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. வளர்ச்சி இனத்திலேயே இருக்கிறது. 1957இல் இருந்த ரகத்தையும் 2005இன் ரகத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 56 நாளில் பழைய ரகம் 900 கிராம் வந்தது, புதிய ரகம் 4 கிலோ 200 கிராம். ஊசி என்ற வதந்தியால் ஒரு பெரிய கெடுதல் உண்டு. ஊசி போடவில்லை என்று தெரிந்ததும் ‘அப்போ பிரச்சினை இல்லை’ என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பிரச்சினை அந்தக் கோழியின் உடம்பிலேயே இருக்கிறது.

ஆன்டிபயாடிக்?

அது நிஜம். டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் சோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின், கோழித் தீவனத்திலும் கலக்கப்பட்டு வந்தது. உணவுக்கான விலங்குகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டது. நல்ல தடைதான், ஆனால் நெரிசலான ஷெட் இருக்கும்வரை மருந்தின் மேல் சாய்ந்துகொள்ளும் ஆசையும் இருக்கும். கறியை நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். பண்ணைக் கழிவில், மண்ணில், தண்ணீரில் பரவும், மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியை நம் அடுப்பு ஒன்றும் செய்யாது.

நாட்டுக்கோழி நல்லதுதானே?

கொல்லையில் குப்பையைக் கிளறித் திரியும் கோழி என்றால் சந்தேகமே இல்லை. கடைகளில் நாட்டுக்கோழி என்று விற்பதில் நிறைய, ஷெட்டுக்குள்ளேயே தீவனம் போட்டு வளர்த்த கலப்பினங்கள். பிராய்லரைவிட மெதுவாக வளர்வதால் அவற்றுக்குக் கால் வலி குறைவு, அதே காரணத்தால் கிலோவுக்கு ஆகும் தீவனம் அதிகம். விலையும் அதிகம் என்பதால் குறைவாக வாங்குவோம். அது நல்லதுதான்.

மேய்ச்சல் ஆட்டால் நிலத்துக்கு நன்மை என்கிறார்களே, உண்மையா?

ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் கீதாரிகளைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த கையோடு தஞ்சை, திருவாரூர் வயல்களுக்கு வருவார்கள். பகலில் வயல் தாளையும் வரப்புப் புல்லையும் ஆடு மேயும். இரவில் வயலிலேயே ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். மறுநாள் பக்கத்து வயலுக்குக் கிடை மாறும். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணுக்கு அந்த வருஷம் உர மூட்டை குறையும். ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்று சொல்வார்கள். கிடை போட்டதற்கு நிலத்துக்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். மனிதன் சாப்பிட முடியாத தாளும் முள்ளும் கறியாகவும் எருவாகவும் மாறுகிற ஏற்பாடு இது. தீவனத்துக்கென்று ஒரு சென்ட் நிலம்கூட உழுவதில்லை.

ஆனால் இப்படி வளரும் ஆட்டுக்கு ஓர் எல்லை உண்டு. தரிசு எவ்வளவு, தாள் எவ்வளவு என்பதுதான் அந்த எல்லை. தமிழ்நாட்டில் 100 பேரில் 97க்கும் மேற்பட்டவர்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அத்தனை பேரும் தினம் மட்டன் கேட்டால் எந்தக் கீதாரியாலும் கொடுக்க முடியாது. இப்போதே ராஜஸ்தானிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் லாரி லாரியாக ஆடுகள் வருகின்றன. மேய்ச்சல் நிலங்களோ பிளாட்டாகவும் சோலார் பண்ணையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. மேய்ச்சல் ஆட்டைக் காரணம் காட்டி எவ்வளவு கறி வேண்டுமானாலும் தின்னலாம் என்று வாதிடுகிறவர்கள் இந்த எல்லையை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கிலோ மாட்டுக்கறிக்கு 15,000 லிட்டர் தண்ணீர் என்கிறார்களே?

உலக சராசரி 15,400 லிட்டர் என்பது சரிதான். அதில் 90 சதவீதத்துக்கும் மேல் மேய்ச்சல் நிலத்திலும் தீவனப் பயிரிலும் விழுந்த மழை. மாடு இல்லாவிட்டாலும் அந்த மழை பெய்திருக்கும். போர்வெல் தண்ணீரைப் பாய்ச்சித் தீவனம் வளர்க்கும் இடத்தில் கதை வேறு. ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர், பருப்புக்கு 4,000 லிட்டர் என்பதும் அதே வகைக் கணக்குதான். இந்த எண்ணைச் சுவரொட்டியில் போடுகிறவர்கள் எந்தத் தண்ணீர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் சைவம், பால் மட்டும்தான். எனக்கு இதில் பொறுப்பு உண்டா?

உண்டு. சைவ நண்பர்களிடம் நான் அதிகம் வாதாடுவது இந்த இடத்தில்தான். கன்று ஈன்றால்தான் மாடு பால் தரும். ஈன்றதில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்தபிறகு கலப்பினக் காளைக்கன்றுக்கு வேலை இல்லை, அதற்குப் பால் விடுவதும் நஷ்டம். கறவை வற்றிய மாட்டையும் சின்ன விவசாயியால் சும்மா கட்டிப்போட முடியாது. இவையெல்லாம் சந்தைக்குப் போகின்றன. உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் இந்தியா, மாட்டினக் கறி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் இருப்பதற்கு இதுதான் காரணம். ஏற்றுமதியாவது எருமைக்கறி, எருமையை வளர்ப்பது பாலுக்காக.

வாயுக் கணக்கிலும் பால் தப்பாது. லிட்டருக்குச் சுமார் 3 கிலோ. ஒரு கிலோ பனீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும் என்றால், பனீர் கோழிக்கறியைத் தாண்டிவிடுகிறது. காபிக்குப் பால் விடுவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. கறி தின்பவனைவிட என் கை சுத்தம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

அப்படியானால் மாட்டுக்கறிக்குத் தடை கேட்பது நியாயம்தானே? வாயு அதிகம் என்கிறீர்களே?

நியாயமே இல்லை. நம் ஊரில் அறுபடுவது இறைச்சிக்கென்று வளர்த்த மாடு அல்ல. பாலும் உழைப்பும் கொடுத்து முடித்த மாடு. அதன் வாயுக் கணக்கில் பெரும்பங்கு பால் குடித்தவர்கள் பெயரில் எழுதப்பட வேண்டியது. அந்தக் கறி, ஏழைகளுக்கு, குறிப்பாகத் தலித் மக்களுக்கு, மட்டனைவிடப் பல மடங்கு மலிவான புரதம். 2017 மே மாதம் சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, பொள்ளாச்சி மாதிரியான சந்தைகளை நம்பியிருந்த விவசாயிகள் தவித்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது, உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது.

விலங்கின் மீதான கருணையைச் சாதிக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்துவதை ஏற்கவே முடியாது. சென்னையில் ‘சைவம் மட்டும்’ என்று வீட்டு வாடகைக்குப் போர்டு வைப்பவருக்கு மீத்தேனைப் பற்றிக் கவலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தியர் ஒருவர் வருஷத்துக்குச் சாப்பிடும் கறி சராசரியாக 5 முதல் 7 கிலோ. அமெரிக்காவில் 100 கிலோவுக்கும் மேல். குறைத்துக்கொள் என்ற பேச்சு, அதிகம் தின்கிறவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். நம் ஊரில் அது வாரத்தில் நாலு நாள் ஃபிரைடு சிக்கன் ஆர்டர் செய்யும் நகரத்து நடுத்தர வர்க்கம்.

செடிக்கும் உயிர் இருக்கிறதே?

இருக்கிறது. வலியை உணரும் நரம்பு மண்டலமும் மூளையும் இல்லை. செடிகளுக்காக வருந்துகிறவர்களுக்கும் கறியைக் குறைப்பதுதான் வழி, ஏனென்றால் ஒரு கிலோ கோழிக்கறிக்குள் மூன்று கிலோவரை மக்காச்சோளமும் சோயாவும் ஒளிந்திருக்கின்றன.

மீன் பரவாயில்லையா?

எந்த மீன், எந்த வலை என்பதைப் பொறுத்தது. மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன் சீக்கிரம் பெருகும், கரையோரத்திலேயே கிடைக்கும், விலையும் குறைவு. நாட்டுப்படகில் வந்த மத்தியைத் தயங்காமல் வாங்குங்கள். விசைப்படகின் இழுவை மடி வலை கடலடியைச் சுரண்டி, குஞ்சு குளுவானோடு அள்ளி வருகிறது. அதில் விற்காத கழிவு மீன் காய்ந்து, அரைபட்டு, தீவனமாகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது இனப்பெருக்கத்துக்காக. அந்த மாதங்களில் பெரிய மீனுக்கு அடம்பிடிக்காமல் இருப்பது நம்மால் ஆன உதவி.

வளர்ப்பு இறாலில் எனக்கு விருப்பமில்லை. நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளால் வயலும் குடிநீரும் உப்பானதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பிறகு சட்டத்தை மாற்றிப் பண்ணைகளுக்கு வழிவிட்டார்கள்.

கோயிலில் கிடா வெட்டுவதை நிறுத்த வேண்டாமா?

தமிழ்நாட்டில் உயிர்ப்பலித் தடைச் சட்டம் 1950இலேயே வந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த அரசு உத்தரவிட்டபோது கிராமங்களில் கொதித்துப் போனார்கள். 2004இல் சட்டமே ரத்தானது. ரத்தானது சரி என்றே நினைக்கிறேன். நேர்ந்துவிட்ட கிடா ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வீட்டுப் பிள்ளையாகத் திரிகிறது. வெட்டினால் குடல், தலை, ரத்தம் வரை வீணாகாமல் ஊரே சாப்பிடுகிறது. அறுக்கும் கை தேர்ந்ததாக இருக்க வேண்டும், ஒரு கிடா பார்க்க இன்னொன்றை வெட்டக் கூடாது, இந்த இரண்டையும் கேட்கலாம். 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் கேட்பதும் இதைத்தான், ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று. தெருமுனைக் கோழிக்கடையில் கூண்டுக்கு முன்னாலேயே தினமும் அறுக்கிறார்கள், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

குழந்தைகளுக்கு முட்டையும் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பி12 வைட்டமின் தாவர உணவில் அநேகமாகக் கிடையாது. சத்துணவில் வாரம் 5 நாள் முட்டை கொடுப்பது இந்த மாநிலம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று.

அந்த முட்டை வரும் நாமக்கல் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் வழக்கமாக 450 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளில் முக்கால் பங்குக்கும் குறைவு. இறக்கையை விரிக்க முடியாது. முட்டையினத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் ஆகாது என்று முதல் நாளே கொல்லப்படுகிறது. ஜெர்மனி இந்த வழக்கத்தை 2022 முதல் தடை செய்துவிட்டது. சத்துணவுக்கு முட்டைகளை மொத்தமாக வாங்குவது அரசு. கூண்டில் இவ்வளவு இடம் இருந்தால்தான் வாங்குவோம் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் நாமக்கல் மாறும். குழந்தைகளின் தட்டிலிருந்து எடுக்காமலேயே கோழிக்கு நன்மை செய்ய வழி இருக்கிறது, அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

நான் ஒருவன் குறைத்தால் என்ன ஆகிவிடும்?

தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால், விலைக்காகக் கறி விற்பவர் இருக்க மாட்டார் என்று வள்ளுவரே புலால் மறுத்தலில் சொல்கிறார். கோழிக்கு இது அப்படியே பொருந்தும். ஆர்டர் குறைந்தால் கம்பெனி அடுத்த பேட்சுக்குக் குஞ்சைக் குறைக்கும். ஆறு வாரச் சுழற்சி என்பதால் மாற்றம் சீக்கிரமே தெரியும். ஆடி, புரட்டாசி மாதங்களில் பண்ணைக் கொள்முதல் விலை எப்படி ஆடுகிறது என்று பல்லடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, நான் என்னதான் சாப்பிடுவது?

நம் பாட்டிமார் அரைக் கிலோ கறியை எட்டுப் பேருக்குக் குழம்பு வைத்தார்கள். உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கத்தரிக்காய் போட்டு, ஆளுக்கு நாலு துண்டு. ருசி குழம்பில் இருந்தது. அந்த அளவுக்குத் திரும்பினாலே பெரும்பகுதி பிரச்சினை தீரும். ஞாயிற்றுக்கிழமை கறி, வாரநாளில் ஒருமுறை சின்ன மீனோ கருவாடோ, மற்ற நாளில் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, முட்டை. ஆடு எடுத்தால் ஈரல், குடல், தலைக்கறி, நெஞ்செலும்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். வெறும் தொடைக்கறிக்காக மட்டும் ஓர் ஆடு சாக வேண்டாம். ஈரலில் இருக்கும் இரும்புச்சத்து வெறும் சதைக்கறியில் அவ்வளவு இல்லை.

முதலில் விட வேண்டியது, பசிக்காமலேயே தின்னும் சிக்கன்: சாயங்கால சிக்கன் 65, பஸ் ஸ்டாண்ட் ஷவர்மா, பக்கெட்டில் வரும் ஃபிரைடு சிக்கன். அப்புறம், கறிக்கடைக்காரரிடம் ஆடு எந்த ஊர் என்று கேளுங்கள். உள்ளூர்ச் சந்தையில் பிடித்ததா, லாரியில் வந்ததா என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியும். கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், அடுத்த வாரம் சந்தைக்குப் போகும்போது அவரும் கேட்டு வாங்குவார்.